வாலிநோக்கத்து உப்பும் ஒரு வரலாற்றுப் பட்டமும்

2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் ஒரு வாக்கியம் புதிதாகச் சேர்ந்திருந்தது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகள் அயல்நாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க வழங்கப்படும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பற்றிய நெறிமுறைகள் அவை. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளில் படிக்க இந்தப் பணம் இனிக் கிடைக்காது என்றது அந்த வாக்கியம். எந்தத் தலைப்பு இதற்குள் அடங்கும் என்பதைத் தேர்வுக் குழு முடிவு செய்யும்.

தமிழ் இலக்கியம் படித்துப் பிழைப்பவள் நான். ஒரு வாக்கியம் கையில் கிடைத்தால் பிரித்துப் பார்க்காமல் விட முடியாது. இது வரலாறு படிப்பதைத் தடுக்கவில்லை. ரோமானிய வரலாறு படிக்கலாம், பிரெஞ்சுப் புரட்சியைப் படிக்கலாம், சீனத்துப் பட்டு வணிகத்தைப் படிக்கலாம். விண்ணப்பிக்கும் பெண் எந்த மண்ணில் நின்று விண்ணப்பிக்கிறாளோ அந்த மண்ணைப் பற்றி மட்டும் கேள்வி கேட்கக் கூடாது. தடை விழுந்த இடத்தைக் கவனியுங்கள். சொந்தப் பணத்தில் போகிறவர்களுக்கு இந்த வாக்கியம் பொருந்தாது. கேம்பிரிட்ஜில் அமர்ந்து சாதியைப் பற்றி ஆய்வு செய்யும் மேட்டுக்குடி மாணவரை யாரும் தடுக்கவில்லை. சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் என்பதற்காகவே தரப்படும் பணத்தில் சாதியைப் படிக்கக் கூடாது என்பதுதான் விதி. வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம், தரவரிசையில் முதல் 500 பல்கலைக்கழகங்கள், மொத்தம் 125 இடங்கள், அதில் பெண்களுக்கு 30 விழுக்காடு. முழு இந்தியாவுக்கும் சேர்த்து நாற்பதுக்கும் குறைவான பெண்கள். அவர்களுக்காக இவ்வளவு கவனமாக ஒரு வாக்கியம்.

அந்த ஆண்டு எனக்குத் தெரிந்த ஒரு மாணவி விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருந்தாள். வாலிநோக்கத்துக்காரி, அம்மா உப்பளத்தில் கூலி. வரலாற்றில் முதுகலை முடித்தவள் என்றாலும் விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தித்தரச் சொல்லித் தமிழ்த் துறைக்கு, என்னிடம் வந்தாள். இந்தக் கரையை அறியாத வாசகிகளுக்கு: கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் இடையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி கிடக்கிற ஊர் வாலிநோக்கம். மீன்பிடி உண்டு. ஒரு காலத்தில் பழைய கப்பல்களைக் கொண்டுவந்து உடைத்தார்கள். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் இங்கேதான் இருக்கின்றன. 2014இல் 'அம்மா உப்பு' என்று பொட்டலத்தில் வந்ததும் அந்த நிறுவனத்தின் உப்புதான். பாத்தியில் வாரி, வரப்பில் சேர்த்து, தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிற வேலையில் பெண்கள் நிறையப் பேர். வெயில் மேலிருந்தும் அடிக்கும், வெள்ளைத் தரையிலிருந்து எகிறியும் அடிக்கும். உப்புநீரில் ஊறிய பாதம் வெடிக்கும். அந்தப் பொட்டலத்தின் மேல் இருந்த 'அம்மா' யார் என்று நமக்குத் தெரியும். உள்ளே இருந்த உப்பை வாரிய அம்மாக்களைப் பற்றி எந்த நூலிலும் ஒரு அத்தியாயம் இல்லை.

அதுதான் அவளுடைய தலைப்பு. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. உப்பு என்றதும் நம் பாடப்புத்தகங்கள் நேரே 1930க்குத் தாவி, ராஜாஜியையும் வேதாரண்யத்தையும், கொஞ்சம் தாராளமாக இருந்தால் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதியையும் சொல்லி முடித்துவிடும். உப்புச் சட்டத்தை மீறி ஒரு பிடி அள்ளியவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள். சட்டம் இருந்தபோதும், அதை மீறியபோதும், அது போனபின்பும் நாளெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் இல்லை. ஏகபோகத்தின் கீழ் இந்தக் கரையில் உப்பு வாரிய பெண்களின் கூலி, வேலை, தண்டனை பற்றி லண்டனில் ஆராய வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

கட்டுரை நன்றாக இருந்தது. அவளுடைய அம்மா என்னிடம் கேட்ட கேள்வி அதைவிட நன்றாக இருந்தது: "படிக்கட்டும் டீச்சர், வேணாங்கல. ஆனா நம்ம உப்பளத்துக் கதையப் படிக்க அம்புட்டுத் தூரம் எதுக்குப் போகணும்?"

அமைச்சகம் பின்னர் சொன்ன சமாதானமும் ஏறக்குறைய இதுவே. இந்தியாவைப் பற்றிப் படிக்க இங்கேயே வளங்களும் அறிஞர்களும் இருக்கிறார்கள், அயல்நாட்டு இடங்களை மற்றத் துறைகளுக்குத் தரலாம் என்பது. இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் கேட்பவர்கள் வேறு. ஒருத்தி பதில் வேண்டிக் கேட்டாள். அமைச்சகம் பதிலை முதலில் எழுதிவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடியது. இருந்தாலும் கேள்வி நேர்மையானது. நாம் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ஆவணங்கள் அங்கே இருக்கின்றன என்பது. உண்மைதான். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலகப் பதிவேடுகள் மட்டும் சுமார் 14 கிலோமீட்டர் நீள அலமாரிகளில் இருக்கின்றன. நம் இராமநாதபுரத்துப் பெண் ஒருத்தியின் வழக்கே அங்கே போய்த்தான் முடிந்தது. கணவர் இறந்தபின் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவனின் அனுமதி இல்லாமல் கைம்பெண் தத்தெடுப்பது செல்லாது, ஆகவே ஜமீன் அரசுக்கே என்று மதுரை கலெக்டர் தரப்பு வாதாடியது. 1868இல் பிரிவி கவுன்சில், கணவனின் உறவினர்கள் ஒப்பினால் தத்து செல்லும் என்றது. சாத்திர ஏட்டைவிட நிரூபிக்கப்பட்ட வழக்காறே வலுவானது என்ற கோட்பாட்டைச் சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வழக்கிலிருந்துதான் படிக்கிறார்கள். கணவன் இல்லாத இடத்தில் கணவனின் பங்காளிகளை உட்கார வைத்த தீர்ப்பு என்பதை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியாது.

ஆனால் ஆவணத்தை மட்டும் நம்பி வாதாடினால் நாம் தோற்போம். கம்பெனியின் நடவடிக்கைக் குறிப்புகளில் பெரும்பகுதி இங்கே எழுதப்பட்டு, படி எடுத்து லண்டனுக்கு அனுப்பப்பட்டவை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தாலும் உப்புத் துறையின் கட்டுகள் வந்துகொண்டே இருக்கும். ராணிகளுக்கு வழக்கு உண்டு, வழக்குக்குக் காகிதம் உண்டு. உப்பளத்துப் பெண்ணுக்கு லண்டனிலும் காகிதம் குறைவு, எழும்பூரிலும் குறைவு.

ஆகவே வேறு பதில் வேண்டும். அதற்கு நான் திரும்பத் திரும்பப் போவது 1916ஆம் ஆண்டுக்கு. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அம்பேத்கர், அங்கே எழுதிய முதுகலை ஆய்வின் பொருள் பண்டைய இந்திய வணிகம். இன்றைய விதிப்படி பணம் கிடையாது. 1916 மே மாதம் மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். அதற்கும் கிடையாது. அந்தக் கட்டுரையைப் பெண்ணியம் படிக்கும் மாணவிகள் ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். சாதி என்பது அகமணம். ஒரு குழுவுக்குள்ளேயே மணமுடிப்பது நீடிக்க வேண்டுமானால் ஆண் பெண் எண்ணிக்கை சரிசமமாக இருந்தாக வேண்டும். கணவன் இறந்து மிஞ்சிப்போகும் பெண் அந்தக் கணக்கைக் குலைப்பாள். அவளை எரிப்பது, கட்டாயக் கைம்மையில் அடைப்பது, சிறுமிகளை மணம் முடிப்பது எல்லாம் அந்தக் கணக்கைச் சரிசெய்யும் வழிகள் என்று இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் அங்கே விளக்கினார். சாதியின் எந்திரம் பெண்ணுடல் மேல்தான் ஓடுகிறது என்று நாம் இன்று சொல்வதன் தொடக்கம் அந்த வகுப்பறை.

இதற்கு நியூயார்க் எதற்கு? அங்கே சாதி பற்றிய ஓலைச்சுவடி எதுவும் இல்லை. ஆனால் அவர் வாசிக்கத் தொடங்கும் முன்பே அவர் எந்தத் தெரு என்று முடிவு செய்துவிடாத ஓர் அறை அவருக்குக் கிடைத்தது. சாதியை ஒரு பொருளாக மேசை மேல் வைத்து, சுற்றிவந்து பார்க்க முடிந்தது. நம் ஊரில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிந்தவர்களுக்குத் தெரியும், தலைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நெறியாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இன்னும் சிலவற்றை விசாரிக்க வேண்டும். 'இந்தத் தலைப்பு உனக்கு எதுக்கும்மா, பிரச்சனை வரும்' என்ற அன்பான வாக்கியத்தில் எத்தனை ஆய்வுகள் செத்திருக்கின்றன என்று யாராவது ஆய்வு செய்யலாம்.

நெருங்கி நின்றால் தெரியாதவை உண்டு. வகுப்பறைச் சுவரில் தமிழ்த்தாய் படத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பெர்க்லியில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற சுமதி ராமசாமி 1997இல் வெளியிட்ட 'பேஷன்ஸ் ஆஃப் த டங்' நூலைப் படித்த பிறகுதான் மொழியைத் தெய்வமாகவும் தாயாகவும் கன்னியாகவும் ஆக்கியது யார், எதற்காக என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. தமிழ்த் துறைக்குள்ளேயே இருபது ஆண்டு இருந்திருந்தாலும் அந்தக் கேள்வி என் வாயில் வந்திருக்காது. அந்த நூலோடு எனக்குச் சண்டையும் உண்டு. அதில் பெண் உருவம் நிறைந்திருக்கிற அளவுக்குப் பெண்ணின் உழைப்பு இல்லை. ஆனால் சண்டைபோட ஒரு நூல் கிடைத்ததே.

நம் கரையைப் பற்றியும் தூரப் போனவர்கள்தான் எழுதினார்கள். லண்டனில் முனைவர் பட்டம் பெற்ற யாழ்ப்பாணத்துச் சின்னப்பா அரசரத்தினம் டச்சு ஆவணங்களைப் படித்துப் பதினேழாம் நூற்றாண்டுக் கீழக்கரைப் பெருவணிகர் பெரியதம்பி மரைக்காயரைப் பற்றி 1964இல் 'தமிழ் கல்ச்சர்' இதழில் எழுதினார். வள்ளல் சீதக்காதி என்று நாம் சொல்லிப் பழகியவரும் இவரும் ஒருவரா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது, அது இருக்கட்டும். அந்த இதழை நடத்திய தனிநாயகம் அடிகள் 1930களில் ரோமில் படித்தபோது எழுதிய ஆய்வு மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் குருமார்களைப் பற்றியது. ஆப்பிரிக்கக் கரையைப் படித்துவிட்டு வந்து தமிழுக்கு உலகத்தைத் திறந்தார். ஒருவர் சொந்தக் கடலைப் படித்தார், ஒருவர் அயல் கடலைப் படித்தார். எதைப் படிப்பது என்பது அவரவர் கேள்வியிலிருந்து வந்தது. நம் மாணவிக்கும் அவ்வளவுதான் வேண்டும். அவள் வாலிநோக்கத்தைத்தான் படித்தாக வேண்டும் என்று நானும் சொல்லிவிடக் கூடாது. உப்பளத்து மகள் கார்த்தேஜைப் படித்தால் என்ன?

இந்த இருவர் எழுத்திலும் பெண்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசரத்தினத்தின் கடற்கரையில் வணிகர்கள், கம்பெனிகள், கப்பல்கள். கரையில் நின்று சரக்கைத் தரம் பிரித்தவர்கள் யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. மித்தேலி ஸ்ரீனிவாஸ் 2008இல் வெளியிட்ட 'வைவ்ஸ், விடோஸ் அண்ட் கான்குபைன்ஸ்' ஜமீன் குடும்ப வழக்குகளையும் பெண்கள் பத்திரிகைகளையும் வைத்துத் தமிழ்க் குடும்பம் என்ற இலட்சியம் எப்படி உருவானது என்று நுட்பமாகக் காட்டுகிறது. சொத்து உள்ள பெண் வழக்காடினாள், எழுத்து உள்ள பெண் பத்திரிகைக்கு எழுதினாள். இரண்டும் இல்லாதவள் எங்கே போனாள் என்று கேட்க, அந்த வீட்டிலிருந்து ஒருத்தி வரவேண்டியிருக்கிறது. கேள்வி அவளிடம் தயாராக இருக்கிறது. வழிச்செலவுக்குத்தான் பணம் இல்லை.

பணம் என்று வந்துவிட்டதால் ஜாமீன் பற்றியும் பேசிவிடலாம். 1929இல் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வரலாற்றில் பட்டம் பெற்ற மீனாட்சி, முதுகலைக்குச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை நாடியபோது, பெண்ணைச் சேர்க்கத் தயங்கினார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த அண்ணன் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகே இடம் கிடைத்தது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் முனைவர் ஆனார். பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய அவருடைய நூல் இன்றும் பயன்படுகிறது. 1940இல், முப்பத்து நான்கு வயதில், இறந்துபோனார். அன்று அண்ணன் ஜாமீன். இன்று வங்கிக்கு ஜாமீன் வேண்டும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் சொத்தைக் கேட்கும். லண்டனில் ஓராண்டு முதுகலைக்கு அது எந்த மூலைக்கு? கடற்கரைப் புறம்போக்கில் குடியிருக்கும் குடும்பம் எந்தப் பட்டாவைக் கொண்டுபோய் வைக்கும்?

வாலிநோக்கத்திலும் கீழக்கரையிலும் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். அந்த வீட்டுப் பெண்களுக்குப் பட்டியல் சாதி உதவித்தொகை பொருந்தாது. சிறுபான்மை மாணவர்களின் அயல்நாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டமும், உள்நாட்டு ஆய்வுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-23ஓடு நிறுத்தப்பட்டன. வெளியே போகும் வழி, உள்ளே இருந்து படிக்கும் வழி, இரண்டும் ஒரே ஆண்டில். தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை தருவது இந்த இருட்டில் ஒரு விளக்கு. ஆனால் அந்த விளக்கின் ஒளி முஸ்லிம் வீட்டுப் பெண்வரை எட்டாது.

இனி வீட்டு ஜாமீன். 'கல்யாணத்தை முடிச்சுக்கிட்டுப் போ, மாப்பிள்ளையும் கூட வரட்டும்' என்பது நம் குடும்பங்கள் கண்டுபிடித்த சமரசம். அதை இகழ்வது எளிது. அந்தச் சமரசத்தின் வழியாகத்தான் பல பெண்கள் விமானம் ஏறினார்கள். 2024 ஜனவரியிலிருந்து பிரிட்டன், பாடவழி முதுகலை படிக்க வரும் அயல்நாட்டு மாணவர்கள் கணவனையோ மனைவியையோ குழந்தையையோ உடன் அழைத்துவர முடியாது என்று ஆக்கிவிட்டது. ஆய்வுப் படிப்புக்காரர்களுக்கு விலக்கு உண்டு. அவர்களுடைய குடியேற்ற அரசியல் அவர்களுக்கு. நம் ஊரில் அதன் பொருள் இதுதான்: துணையில்லாமல் அனுப்ப மாட்டோம் என்கிறது வீடு, துணையோடு வராதே என்கிறது நாடு. கைக்குழந்தையோடு படிக்க நினைத்தவளுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பூட்டு. பிள்ளையை விட்டுவிட்டுப் போன தகப்பன் படிக்கப் போனவன்; பிள்ளையை விட்டுவிட்டுப் போன தாய்க்கு ஊர் வேறு பெயர் வைத்திருக்கிறது.

போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எந்த மாணவியிடமும் சொல்வதில்லை. சாதி விமானத்தில் கூடவே ஏறும். கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகக் குழுமம் தன் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தது 2022 ஜனவரியில். அடுத்த மாதம்தான் இங்கே இந்த வாக்கியம் வந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகம் சாதியைத் தன் வளாகத்தில் கண்டுகொள்கிறது, இங்கே ஓர் அமைச்சகம் அதை ஆய்வுப் பட்டியலிலிருந்து எடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே நான்கைந்து வாரங்கள். அங்குள்ள வகுப்பறைக்கும் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. மூன்றாம் உலகப் பெண் என்றால் துயரத்தின் சாட்சியாக வந்து நிற்க வேண்டும், கோட்பாட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சந்திரா தல்பாடே மொஹந்தி 1980களிலேயே இதை எழுதிவிட்டார். வாலிநோக்கத்துப் பெண்ணிடம் உப்பு அனுபவத்தைக் கேட்பார்கள், உப்பின் பொருளாதாரத்தை அவளிடம் கேட்பார்களா? கேட்கவைக்க வேண்டியிருக்கும். அந்தச் சண்டைக்கும் ஓர் இடம் வேண்டுமே. உள்ளே போனால்தானே உள்ளே சண்டை போடலாம்.

அவளுடைய அம்மாவுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. "நம்ம கதைய நம்ம ஆளு எங்க வேணும்னாலும் உக்காந்து எழுதலாம்ல" என்று மட்டும் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப அதுக்கு ஏன் பணம் தரமாட்டேங்கறாக?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாணவி கொஞ்ச நாள் ஒரு கிண்டலோடு திரிந்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செஷயர் பகுதி உப்பு லிவர்பூலில் கப்பலேறிக் கல்கத்தாவில் வந்து இறங்கியது. நம் சோழமண்டலக் கரை உப்பும் வங்காளத்துக்குத்தான் போனது. "தலைப்பை செஷயர் உப்புத் தொழிலாளர்கள்னு மாத்திட்டா அது இந்திய வரலாறு இல்லையே மேடம், குடுப்பாங்களா?" தேர்வுக் குழு என்ன சொல்லியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அவள் விண்ணப்பிக்கவில்லை.

இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதி நேர ஆய்வாளராகப் பதிந்து, ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டு, விடுமுறைகளில் எழும்பூரில் உப்புத் துறைக் கட்டுகளைப் புரட்டுகிறாள். வெள்ளைக்கார அதிகாரிகள் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த தமிழ்த் தொழிற்சொற்கள் அவற்றில் நிறைய வருகின்றன. புரியாதவற்றை எனக்கு அனுப்புவாள். பாத்தி, வாய்க்கால் போன்றவற்றைக் கண்டுபிடித்துவிடுவேன். சென்ற வாரம் அனுப்பிய ஒரு சொல்லை மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்தேன், அகராதியிலும் தேடினேன், கிடைக்கவில்லை. உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டு என்று பதில் அனுப்பினேன்.